செம்மல் மோதிரம்

அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக்குங்க, கால் நீட்ட முடியலை. என்ன இருக்குது அதுல? ரயில் குலுங்கறப்பெல்லாம் டங்கு டங்குங்குது. ஷீல்டுங்களா? இத்தனையுமா? ஓ, சேலத்துல கடையே வெச்சிருக்கீங்களா! அப்பச் சரி. நாட்டைக் கெடுக்கறதுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்குது. கோவிச்சுக்காதீங்க, உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. செய்யறவனை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்கிக்கிட்டு இளிக்கறானுங்க பாருங்க, அவனுங்களைக் கண்டாத்தான் ஆகாது.

நானும் விழாவுக்குத்தான் போறேன். சென்னையில சாயங்காலம். தென்னகப் புவிவேதியியல் பேரவைன்னு ஒண்ணு இருக்குது, கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்படாததால உங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல. புவிவேதியியல்னா வேற ஒண்ணுமில்லைங்க, கல்லையும் மண்ணையும் பொடியாக்கி, அதுக்குள்ள என்னென்ன எவ்வளவு இருக்குதுன்னு கண்டுபிடிக்கறது. இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, தங்கம் இருக்குதா இல்லையா. நான் அதுல பேராசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவன். செங்கோடன்னு பேர். முனைவர் செங்கோடன்னு சொன்னா எங்க துறையில தெரியாதவன் கிடையாது. தெரியாத மாதிரி நடிக்கறவன் உண்டு.

இந்தப் பேரவையில ஆளைவிடப் பதக்கம் ஜாஸ்தி. சொன்னா நம்ப மாட்டீங்க. சிறந்த இளம் ஆய்வாளர் பதக்கம், சிறந்த நடுவயது ஆய்வாளர் பதக்கம், வாழ்நாள் சாதனைப் பதக்கம். ஒருத்தன் மாமனார் பேருல ஒரு பதக்கம் வெச்சிருக்கான். மாமனார் வெல்ல மண்டி நடத்தினவரு. அவருக்கும் புவிவேதியியலுக்கும் என்னங்க சம்பந்தம்? இந்த வருஷம் தலைவரு செயலாளருக்குக் குடுப்பாரு, அடுத்த வருஷம் செயலாளரு தலைவருக்குக் குடுப்பாரு. பொன்னாடைகூட அதே பொன்னாடையாத்தான் இருக்கும்னு நினைக்கறேன். போர்த்தறதும் எடுக்கறதும் போட்டோவுக்குத்தானே.

எனக்கு இந்த மாதிரி ஆசையெல்லாம் ஒரு நாளும் கிடையாது. நான் எதுக்கும் போய் நின்னவன் இல்ல. என் வாழ்க்கையில நான் வாங்கினது ஒண்ணே ஒண்ணுதான். இதோ, இந்த மோதிரம். 'ஆராய்ச்சிச் செம்மல்'னு பட்டம் குடுத்து மேடையில விரல்ல போட்டுவிட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சும்மா ஒரு வேன் பேசி, எங்க சொந்தக்காரங்க கொஞ்சம் பேரு மட்டும் வந்திருந்தாங்க. அவங்களுக்காக வாங்கிக்கிட்டேன். மாலை போட்ட போட்டோவைப் பெரிசு பண்ணி வீட்டுல மாட்டினதுகூட எங்க வீட்டம்மாதான். நான் ஆணி மட்டும் அடிச்சுக் குடுத்தேன்.

பாருங்க மோதிரத்தை. இன்னும் கிட்ட வந்து பாருங்க, கையை இழுத்துக்க மாட்டேன். மேல ஒரு சுத்தியல், கீழ 'செம்மல்'னு எழுத்து. இப்பத் தெரியுதுங்களா? தெரியாது. வழவழன்னு போயிருச்சு. உள்ளங்கைப் பக்கம் திருப்பினா இன்னும் மோசம், பிளேடு மாதிரி மெலிஞ்சு கிடக்குது. போட்டுவிட்ட அடுத்த வருஷமே இப்படி ஆயிருச்சுங்க. நாலஞ்சு வருஷம் முன்னாடி டைபாய்டுல கிடந்தேன், விரல் குச்சியாப் போச்சு, அப்பக் கழண்டு வந்தது. சரின்னு எழுத்தைத் திரும்ப வெட்டலாம்னு ஆசாரிகிட்டக் குடுத்தா, அவரு நிறுத்துப் பாத்துட்டு ஒரு பவுனே இல்லைங்கறாரு. நல்லாக் குறையுதுங்க. மேடையில மைக்குல சொன்னது ஒரு பவுன்!

நான் சொன்னேன், பாத்தீங்களா ஏமாத்தினதை, பட்டம் குடுக்கற பயலுக எடையிலயும் கை வெச்சிருக்கானுங்கன்னு. அந்த ஆசாரி சிரிச்சுக்கிட்டே தேய்மானங்கய்யான்னாரு. தேய்மானமாம்! தேஞ்ச தங்கம் எங்கங்க போகும்? காத்துல கரைஞ்சு போயிருமா? நான் புவிவேதியியல்காரன். இந்தப் பூமியில எதுவும் காணாமப் போறதில்லைங்க. ஒரு பொருள் இங்க குறையுதுன்னா, இன்னொரு இடத்துல கூடியிருக்கணும். எங்க பாடத்துல முதல் நாள் சொல்லிக் குடுக்கறது இது. அதைப் போய் எனக்குத் தேய்மானம்னு சொல்றாரு. அப்புறம் எழுத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு அப்படியே போட்டுக்கிட்டேன். உடம்பு தேறிருச்சு, இப்பக் கழட்ட முடியாது.

என்ன கேட்டீங்க? இன்னைக்கு எனக்குப் பதக்கமா? எனக்குக் குடுப்பானுங்களா! குடுக்கறது வேற ஆளுக்கு. பூங்கோதைன்னு ஒரு அம்மிணி. எங்கிட்டப் படிச்சவ. வாழ்நாள் சாதனைப் பதக்கம் அவளுக்கு. அதை நான் கையால எடுத்துக் குடுக்கணுமாம். அதுதான் அங்க வழக்கம். பதக்கம் வாங்கறவங்களோட வழிகாட்டி உசிரோட இருந்தா, அவர்தான் குடுக்கணும், குடுத்துட்டு நாலு வார்த்தை பேசணும். எனக்கு முன்னாடி பல பேரு செத்துத் தப்பிச்சுட்டானுங்க. நான் இருக்கேன்.

போக வேண்டாம்னுதான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன், மைக்கைக் கையில குடுக்கறாங்களே, விடுவானேன்? எல்லாரும் உக்காந்திருப்பாங்க. இந்த அம்மிணி எனக்குப் பண்ணினதை அத்தனை பேரு முன்னாடியும் சொல்லிப்போட்டு, அப்புறம் இந்தாம்மா உன் பதக்கம்னு குடுக்கப் போறேன். அப்ப அவ மூஞ்சி எப்படி இருக்குதுன்னு பாக்கணும்.

காப்பி வேண்டாங்க. சரி, நீங்க வாங்கினா ஒண்ணு சொல்லுங்க. சர்க்கரை கம்மியா.

கேளுங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க பக்கம் செம்மாங்கரடுன்னு ஒரு கரடு. கரடுன்னா உங்களுக்குத் தெரியுமே, மலைன்னும் சொல்ல முடியாது, மேடுன்னும் சொல்ல முடியாது. ஆடு மேய்க்கறவங்களைத் தவிர யாரும் ஏற மாட்டாங்க. உச்சியில மட்டும் கறுகறுன்னு ஒரு பாறை வரிசை. அந்தக் கரட்டைச் சுத்தி மண்ணெடுத்துப் பாக்கறதுதான் வேலை. அந்த வேலைக்கு இவளைச் சேத்துக்கிட்டேன். கல்யாணம் ஆன பொண்ணு, கைக்குழந்தை வேற. எங்க துறையில ஒருத்தனும் இவளைச் சேத்துக்கலை. கரட்டுல ஏறுவாளா, குழந்தை அழுதா ஓடுவாளான்னு சிரிச்சானுங்க. நான்தானுங்க, வாம்மா நான் பாத்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டேன். இதை அவளே பத்து இடத்துல சொல்லியிருக்கா. ஐயா இல்லைன்னா நான் இல்லைன்னு. வாயில சொல்றதுக்கு என்னங்க, செய்யறதுல இருக்கணும்.

மண்ணுல தங்கம் பாக்கறது ரொம்பச் சிக்கலான வேலை. மூட்டை மண்ணுல கண்ணுக்குத் தெரியாத தூசி அளவு இருந்தாலே அது பெரிய சேதி. அதனால ஆய்வுக்கூடத்துல ஒரு சட்டம். உள்ள வர்றவங்க உடம்புல பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது. கம்மல், மோதிரம், வளையல் எல்லாத்தையும் வெளிய கழட்டி வெச்சுட்டுத்தான் வரணும். இந்தச் சட்டத்தை எழுதி ஒட்டினதே நான்தான். நான் கண்டிப்பான ஆளு.

இந்த அம்மிணி என்ன பண்ணினா தெரியுங்களா? எல்லாரையும் தூக்கிச் சாப்பிடற மாதிரி ஒரு காரியம். தாலிக்கொடியையே கழட்டிப்போட்டு, மஞ்சக் கயித்துல ஒரு துண்டு விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்துட்டா. காதுல வேப்பங்குச்சி. வெறுங்கை. வேலை முடியற வரைக்கும் வருஷக்கணக்கா அப்படியேதான் திரிஞ்சா. வீட்டுல, விசேஷத்துல எல்லாம் அதே கோலம். அவ மாமியா கல்லூரிக்கே வந்து எங்கிட்டச் சண்டை போட்டாங்க. என் மருமகளுக்குப் போட்ட நகையெல்லாம் எங்க போச்சு, அடமானத்துல இருக்குதுன்னு ஊரே பேசுதுங்கன்னு. நான் என்ன சொல்றது? விளம்பரம்! நான் எவ்வளவு சுத்தம் பாத்தீங்களான்னு ஊருக்குக் காட்டற விளம்பரம். இந்த மாதிரி ஆளுகளுக்குத்தான் பின்னால பதக்கம் வரும். நான் அன்னைக்கே நினைச்சேன்.

மண்ணு வந்து இறங்கிருச்சு. காய வெச்சு, கட்டியை உடைச்சு, சல்லடையில போட்டுக் கையாலயே அழுத்தித் தேய்ச்சுச் சலிக்கணும். சாணம் தட்டற மாதிரி உள்ளங்கையை வெச்சு அழுத்துனாத்தான் இறங்கும். அந்தக் கரட்டு மண்ணுல பூராவும் வெங்கச்சங்கல்லு, கெட்டியான வெள்ளைக் கல்லு, உப்புத்தாள் மாதிரி இருக்கும். பாதி அவ சலிச்சா. பாதி நான் சலிச்சேன். ஆமாங்க, துறைத்தலைவரு நான், உக்காந்து மண்ணு சலிச்சேன். வேற எவன் பண்ணுவான்? அந்த வருஷம் பேரவையில தங்கப் பதக்கம் யாருக்குன்னு பேச்சு ஓடிக்கிட்டிருந்தது. அதுக்காக இல்ல. வேலைன்னா நான் அப்படி.

முடிவு வந்தது பாருங்க. தங்கம்! செம்மாங்கரட்டு மண்ணுல தங்கம்! அதுலயும் ஒரு ஆச்சரியம் கேளுங்க. நான் சலிச்சதுல எல்லாத்துலயும் தங்கம் இருக்குது. அவ சலிச்சதுல பூச்சியம். ஒரே கரடு, ஒரே குழி, ஒரே மூட்டையைப் பிரிச்சு ரெண்டு பேரும் எடுத்தது. என் கை பட்டா இருக்குது, அவ கை பட்டா இல்ல. இதுக்குப் பேருதான் கைராசிங்கறது. நான் அவளைக் கூப்பிட்டு, ஏம்மா, மண்ணை இப்படிச் சிந்திச் சிதறி அள்ளினாத் தங்கம் எப்படித் தங்கும்னு நல்லாக் கேட்டு விட்டேன். அழுதுக்கிட்டு நின்னா.

பேப்பர்ல போட்டாங்க. கலெக்டரு வந்து பாத்தாரு. செம்மாங்கரட்டைச் சுத்தி இருந்த மேட்டாங்காட்டு நிலத்தை எல்லாம் விலை கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பேரவையில இருந்து தந்தி மாதிரி கடிதாசு. தங்கப் பதக்கம் செங்கோடனுக்குன்னு. நான் ஒரு கோட்டு தைச்சேன். சாம்பல் கலரு. இப்பப் போட்டிருக்கேனே, இதேதான். கொஞ்சம் இறுக்கமா இருக்குது, வேற ஒண்ணுமில்ல.

அப்பத்தான் இவ வந்து நின்னா. என் ரூமுக்குள்ள, கதவைச் சாத்திட்டு. ஐயா ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களேங்கறா. சொல்லும்மாங்கறேன். ஐயா, நீங்க சலிக்கறப்ப அந்த மோதிரத்தைக் கழட்டுனீங்களாங்கறா. எப்படி இருக்கும் எனக்கு? நேத்து வந்த பொண்ணு, நான் எழுதி ஒட்டின சட்டத்தை எனக்கே சொல்றா! இது நகையாம்மா, பட்டம்மா, பேரவை குடுத்த மரியாதை, வெளிய போன்னு சொல்லிட்டேன். அதோட அவ ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். இருக்கட்டும் கொஞ்ச நாளைக்கு, புத்தி வரட்டும்னு.

அப்புறம் வடக்க ஒரு ஆய்வுக்கூடத்துல இருந்து ஆளுக வந்து அவங்களே மண்ணெடுத்துட்டுப் போனாங்க. ஒண்ணுமே இல்லைன்னுட்டானுங்க. சுத்தமா இல்லையாம். அதுக்கப்புறம் நடந்ததைச் சொன்னா இன்னும் எனக்கு வயிறு எரியுது. பதக்கத்தை நிறுத்திட்டானுங்க. அதோட விட்டானுங்களா? மூணு பேரு விசாரணைன்னு வந்து உக்காந்துட்டானுங்க. நான் வேணும்னே தங்கத்தைத் தூவினேனாம்! காடு வாங்கி விக்கற புரோக்கருங்க எனக்குப் பணம் குடுத்திருப்பாங்களாம்! என்னைப் பாத்துக் கேக்கறானுங்க. வேலை போயிரும், பென்ஷன் போயிரும், ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும்னு எங்க ஆபீஸ்ல பியூன்கூடப் பேசிக்கிட்டான். வீட்டுல அடுப்பு எரியலை. எனக்குப் பயமில்லைங்க. ஆனா கையைக் கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேதான் போய் உக்காந்தேன்.

அப்பத்தான் இந்த அம்மிணி எந்திரிச்சா. யாரும் கேக்காமயே. அந்தத் தங்கம் என் மோதிரத்துல இருந்து வந்ததுங்க, நான்தான் கழட்ட மறந்து போட்டுக்கிட்டுச் சலிச்சேன், ஐயாவுக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிட்டா. அத்தோட முடிஞ்சது விசாரணை. கவனக்குறைவுன்னு எழுதி அவ உதவித்தொகையை நிறுத்தினாங்க. ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, டுடோரியல்ல பிளஸ் டூ பசங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டுக் கிடந்தா. நான் ஒண்ணும் சொல்லலை. தப்புப் பண்ணினது அவ, அனுபவிச்சா.

அப்புறம் எங்கயோ வெளிமாநிலத்துக்குப் போனா. அங்க உக்காந்து அதையே கட்டுரையா எழுதிப்போட்டா. 'ஆய்வாளரின் மோதிரம் ஒரு நிலப்பரப்பின் வேதியியலை எப்படிப் பொய்யாக்கியது'ன்னு. அந்த ஆய்வாளர் அவளேதான்னு தெளிவா, அச்சுல, தன் பேரைப் போட்டு எழுதியிருக்கா. எவ்வளவு அழுத்தித் தேய்ச்சா எவ்வளவு தங்கம் உதிரும், எந்த மண்ணுல எவ்வளவு ஒட்டும், அதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு எல்லாம் அதுல இருக்குது. உலகம் பூராவும் அதைத்தான் படிக்கறானாம். எந்த நாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் கழுவற தொட்டிக்கு மேல அவ சொன்ன முறையை ஒட்டி வெச்சிருக்கானாம். அதுக்குத்தான் இன்னைக்கு வாழ்நாள் சாதனை. தப்பைப் பண்ணிட்டு, அதை எழுதினாப் பதக்கமாம்! இப்படி ஒரு கூத்து வேற எந்தத் தொழில்லயாவது இருக்குதுங்களா? உங்க கடையில ஒருத்தன் ஷீல்டை உடைச்சுப்போட்டு, உடைச்ச கதையை எழுதினா நீங்க அவனுக்குச் சம்பளம் கூட்டிக் குடுப்பீங்களா?

இதைத்தான் சொல்லப் போறேன் மேடையில. சபையோரே, இந்த அம்மையார் தன் மோதிரத்தால என் பேரைக் கெடுத்தாங்க, என் கைக்கு வந்த பதக்கத்தைத் தட்டிவிட்டாங்க, இதை அவங்களே ஒத்துக்கிட்டு அச்சடிச்சிருக்காங்க, இப்பக் கை தட்டுங்கன்னு. எப்படி இருக்குது? வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துட்டேன். நல்லா வருது.

இன்னொரு கூத்து இருக்குது. தங்கப் பதக்கம் எனக்கு வேண்டாம்னு எழுதிட்டாளாம். வீட்டுலயே தங்கம் வெச்சுக்கறதில்லையாம், பழகிப்போச்சாம். செம்மாங்கரட்டு உச்சியில இருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து, அதுல பேரை வெட்டிக் குடுங்க போதும்னுட்டாளாம். என் கரட்டுக் கல்லு! எவ்வளவு திமிரு பாருங்க.

இருங்க, போன் அடிக்குது. அவதான். நூறாயுசு.

ஆங், சொல்லும்மா... ஏறியாச்சு, சேலத்துலயே ஏறியாச்சு... ஜோலார்பேட்டை தாண்டிருச்சு... காரெல்லாம் எதுக்கு, நான் ஆட்டோ பிடிச்சு வந்துக்கறேன்... சரி, அனுப்பு... சாப்பிட்டேன்... என்னது? ... ஏன்? ... அது எப்படிம்மா முடியும்... யாரு பாப்பாங்க? ... சரி. சரி. வை.

பாத்தீங்களா? கேட்டீங்களா நீங்களே? விழாவுக்கு இந்த மோதிரம் மட்டும் வேண்டாங்கய்யாங்கறா. கட்டுரையைப் பத்திப் பேசிட்டு உடனே உங்களை மேடைக்குக் கூப்பிடுவாங்க, கல்லைக் குடுக்கறப்ப எல்லாரும் கையைத்தான் பாப்பாங்கய்யா, வீட்டுலயே கழட்டி வெச்சிருக்கலாமேங்கறா. பொறாமை! இத்தனை வருஷம் கழிச்சும், வாழ்நாள் சாதனை வாங்கற நாள்லயும், என் விரல்ல கிடக்கற ஒரு மோதிரம் அவ கண்ணை உறுத்துது. எல்லாரும் பாக்கட்டுமே! பாக்கறதுக்குத்தானே பட்டம்!

என்னங்க, காப்பி ஆறுது.

என்ன? மஞ்சக் கயிறா? ஆமா, நான்தான் சொன்னேன். கழுத்துல மஞ்சக் கயிறு, காதுல வேப்பங்குச்சி. கையிலயா? கையில ஒண்ணும் இல்ல, அதான் வெறுங்கைன்னு சொன்னேனே. அதுக்கென்ன இப்ப?

அவளுக்கு ஏது மோதிரம்னா... இருந்திருக்கும். ஒரு பொம்பளைகிட்ட ஒரு மோதிரம்கூடவா இருக்காது? நான் பாக்காதப்ப எடுத்துப் போட்டிருப்பா. அவளே சொன்னாளே! விசாரணையில சொன்னா, அச்சுல போட்டா, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? ஷீல்டு விக்கறவருக்கு இந்த விசாரணையெல்லாம் எதுக்குங்க?

அவ சலிச்சது... ஆமா, அவ சலிச்சதுல பூச்சியம்தான். நான் சலிச்சதுல இருந்தது. அதான் சொன்னேனே, கைராசின்னு. அவ மோதிரம் போட்டிருந்தா அவ மண்ணுலதானே இருந்திருக்கணும்ங்கறீங்க. நல்லாக் கேக்கறீங்க. அது வந்து, மண்ணு கலந்திருக்கும். மாத்தி வெச்சிருப்பாங்க. அட்டெண்டர் ஒருத்தன் இருந்தான், அவன் சரியில்ல.

ஏன் என் கையைப் பாக்கறீங்க?

நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்ல வேண்டாங்க. இங்க குறைஞ்சா இன்னொரு இடத்துல கூடியிருக்கணும்னு நான்தான் சொன்னேன், தெரியும். அது பாடம். அது பூமிக்கு, மலைக்கு, கடலுக்குச் சொன்னது. ஒரு மோதிரத்துக்கு யாருங்க அதைப் போய்ப் போட்டுப் பாப்பாங்க?

ஜன்னலைக் கொஞ்சம் தூக்குங்க. காத்து வரட்டும்.

காட்பாடி வந்துருச்சுங்களா? இவ்வளவு சீக்கிரமா? ரயிலெல்லாம் இப்ப ரொம்ப வேகமாப் போகுது. முன்னெல்லாம் இப்படி இல்ல.

இல்லைங்க, ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். பேச்சா? பேசணும். நேரம் குடுத்தாங்கன்னாப் பேசலாம். அங்க ஆளாளுக்கு மைக்கைப் பிடிச்சா விட மாட்டானுங்க. என் முறை வர்றதுக்குள்ள சாப்பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவானுங்க. பாப்போம்.

நீங்க சோப்பு வெச்சிருக்கீங்களா? கை கழுவறதுக்குத்தான். சின்னத் துண்டா இருந்தாலும் போதும்.

வர்றேன், பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க.

...

வரலைங்க. வெயிலுக்கு விரலு வீங்கிருச்சு, வேற ஒண்ணுமில்ல. சோப்பைக் கரைச்சு ஊத்தியே பாத்துட்டேன். இந்தாங்க, மிச்சம். தோலுதான் உரிஞ்சது. ரத்தமெல்லாம் இல்ல, செவந்திருக்குது அவ்வளவுதான். ஒண்ணும் பண்ணாது. சோத்தாங்கையில போட்டுவிட்டானுங்க பாருங்க, அன்னைக்கே பீச்சாங்கையில போட்டுவிட்டிருக்கலாம். அறிவு கெட்டவனுங்க. பீச்சாங்கையால எடுத்து ஒருத்தருக்கு எதையாவது குடுக்க முடியுமா? அதுவும் மேடையில, அத்தனை பேரு முன்னாடி, ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு?

ஏனுங்க, உங்க பெட்டியைக் கொஞ்சம் திறக்க முடியுங்களா? ஷீல்டுக்கு நடுவுல ஒட்டாம இருக்க வெல்வெட்டுத் துணி வெச்சிருப்பீங்கல்ல, அதுல ஒரு துண்டு குடுங்க. பெருசா வேண்டாம், உள்ளங்கை அளவு போதும். அந்தக் கல்லை அதுல வெச்சு எடுத்துக் குடுத்தா மரியாதையாத்தானே இருக்கும்? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல?

கறுப்புக் கல்லுன்னு சொன்னேனில்லைங்களா? நகைக்கடையில தங்கத்தை உரசிப் பாக்கற கல்லைப் பாத்திருப்பீங்க, அந்த மாதிரிக் கறுப்பு. இந்த மோதிரம் அது மேல லேசாப் பட்டாலும் போதுங்க. கோடு விழுந்துரும்.